அச்சு நூலிலிருந்து மின்னூலுக்கு: வலை நிரலாக்க நூலின் அத்தியாயங்களை மாற்றி அடுக்கும் முறை

தமிழில் வலை நிரலாக்கம் பற்றி அச்சு நூல் எழுதியவர்களில் பலர், பிரதிகள் தீர்ந்த பிறகு அதே நூலை மின்னூலாகக் கொண்டுவர விரும்புகிறார்கள். அச்சகத்துக்குக் கொடுத்த பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தப் பிடிஎஃப்பைக் கைப்பேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டுபவர்கள் குறைவு. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமாக மடியும் இபப் வடிவத்துக்கு மாற்றுவதே சரியான வழி. அப்படி மாற்றும்போது பக்கம் என்ற அலகே இல்லாமல் போய்விடுவதால், பக்கத்தை நம்பி அமைந்த அத்தியாய வரிசையும் குறுக்குக் குறிப்புகளும் நிரல் அமைப்பும் குலைந்துவிடுகின்றன.

பழைய நூல் ஒன்றை இவ்வாறு மாற்றியபோது, தேவையான செய்திகள் ஒரே இடத்தில் கிடைக்காமல் நான் அலைந்ததால் இதை எழுதுகிறேன். உங்களிடம் எச்டிஎம்எல்லில் தொடங்கி பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் வரை செல்லும் முந்நூறு, நானூறு பக்க நூல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஓய்வு நேரத்தில் மட்டும் செய்பவர் மூன்று நான்கு மாதங்களாவது ஒதுக்கிக்கொள்வது நல்லது. கோப்பு மாற்றத்துக்கு அதில் மிகச் சிறிய பங்குதான் செலவாகும். அடுக்குவதும் நிரல்களை மீண்டும் இயக்கிப் பார்ப்பதுமே பெரும்பங்கை விழுங்கும்.

1. மின்னூல் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

பதிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை முதலில் தேடி எடுங்கள். அதில் மின்னூல் உரிமை பற்றி ஏதாவது இருக்கிறதா, எத்தனை ஆண்டுகளுக்கு உரிமை கொடுத்தீர்கள் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்பந்தம் செய்த காலத்தில் இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அது ஒப்பந்தத்தில் தனியே குறிப்பிடப்படாதவரை, உரிமை மாற்றம் பொருந்தாது என்று 18ஆம் பிரிவில் சேர்த்தது. இவை உங்கள் பக்கம் இருந்தாலும் சட்டம் பேசி மனக்கசப்பை வளர்ப்பதைவிட, மின்னூல் வெளியிடத் தடையில்லை என்று பதிப்பாளரிடமிருந்து ஒரு பக்கக் கடிதமோ மின்னஞ்சலோ வாங்கிவிடுவது நல்லது. பலர் மறுக்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

அணிந்துரை, வாழ்த்துரை எழுதியவர்களுக்கு அவரவர் எழுத்தின் மீது உரிமை உண்டு. அட்டைப்படம் வரைந்தவருக்கும் அப்படியே. அவர்களிடமும் தனித்தனியே ஒரு மின்னஞ்சல் ஒப்புதல் பெற்று, எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்திருங்கள். விற்பனைத் தளம் பிற்பாடு உரிமைச் சான்று கேட்டால் அதுதான் கைகொடுக்கும்.

2. மூலக் கோப்பைப் பெறுங்கள். நிரலைப் பிரித்தெடுத்த பிறகே எழுத்துரு மாற்றுங்கள்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் நூல்களில் பெரும்பாலானவை பேஜ்மேக்கரில், யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வடிவமைக்கப்பட்டவை. வடிவமைத்துக் கொடுத்த கடையில் அந்தப் பழைய கணினி இன்னும் இயங்கினால், அங்கேயே கோப்பைத் திறந்து வெறும் உரையாக ஏற்றுமதி செய்து தரச் சொல்லுங்கள். அதற்கு அவர் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். முழு நூலையும் மறுபடி தட்டச்சு செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல கோப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி, ஒவ்வொரு சொல்லையும் கையால் திருத்த வேண்டிவரும்.

வலை நிரலாக்க நூலுக்கே உரிய பெரிய பொறி அடுத்து வருகிறது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிக்கு வெறும் உரையைக் கொடுத்தால், அதில் எது தமிழ் எழுத்துருவில் இருந்தது, எது ஆங்கில எழுத்துருவில் இருந்த நிரல் என்று அதற்குத் தெரியாது. முழு அத்தியாயத்தையும் மாற்றியில் போட்டால் தமிழ்ப் பத்திகள் சரியாக வரும். நிரல்களெல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். எனவே ஒவ்வொரு நிரலையும் முதலில் வெட்டித் தனிக் கோப்பில் சேமித்து, அது இருந்த இடத்தில் 900012 என்பது போல இலக்கங்கள் மட்டும் கொண்ட அடையாளம் ஒன்றை வையுங்கள். அடையாளத்தில் குறியீடுகளைப் பயன்படுத்தாதீர்கள். சில எழுத்துருக்களில் குறியீட்டு விசைகளிலும் தமிழ் வடிவங்கள் உள்ளன. பத்திகளின் நடுவே வரும் குறிச்சொற்களையும் கட்டளைப் பெயர்களையும் இப்படியே காப்பாற்ற வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க வழியில்லை.

வெட்டியெடுத்த நிரலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வடிவமைப்பு மென்பொருள்கள் நேர் மேற்கோள்குறிகளை வளைந்த மேற்கோள்குறிகளாகவும், அடுத்தடுத்த இரு சிறுகோடுகளை ஒரு நீளக் கோடாகவும் தாமாக மாற்றியிருக்கும். அச்சில் பார்த்துத் தட்டச்சு செய்தவருக்கு இது தொல்லையாக இருக்கவில்லை. மின்னூலிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவருக்கு நிரல் ஓடாது.

3. பகுதிவாரியாகக் கணக்கெடுங்கள்

அத்தியாயத்தை ஓர் அலகாகக் கொள்ளாமல், அதன் உள்ளே இருக்கும் உட்தலைப்பு ஒவ்வொன்றையும் அலகாகக் கொள்ளுங்கள். விரிதாள் ஒன்றில் ஒவ்வொரு உட்தலைப்புக்கும் எதிரே இது என்ன கற்றுத்தருகிறது, இதைப் படிக்க முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கு இது வேலை செய்கிறதா என்று மூன்று கட்டங்களை நிரப்புங்கள். இரண்டாவது கட்டம்தான் அடுத்த படிக்கு உயிர்; அதை ஊகத்தில் நிரப்பாமல், நிரலைப் படித்துப் பார்த்து நிரப்புங்கள்.

மூன்றாவது கட்டம் பல இடங்களில் இல்லை என்றே வரும். பிஎச்பியின் பழைய மைஎஸ்க்யூஎல் நீட்சி, 2015இல் வந்த பிஎச்பி 7இல் முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. அதைக் கொண்டு எழுதிய அத்தியாயம் முழுவதையும் அதற்குப் பின் வந்த மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ நீட்சியைக் கொண்டு மாற்றி எழுத வேண்டும். கடவுச்சொல்லை எளிதில் உடைக்கக்கூடிய எம்டி5 முறை கொண்டு சேமிக்கச் சொல்லும் பகுதியை இரக்கமின்றி நீக்கிவிட்டு, பிஎச்பி 5.5இலிருந்தே உள்ள கடவுச்சொல் செயற்கூறுகளைக் காட்டுங்கள். ஃபிளாஷ் 2020 இறுதியோடு கைவிடப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவும் 2022 ஜூனில் முடிந்துவிட்டதால் அதற்காக எழுதிய சிறப்பு ஏற்பாடுகள் எல்லாம் போகலாம். அட்டவணைகளைக் கொண்டு பக்கத்தை வடிவமைக்கும் அத்தியாயத்தைத் திருத்த முயலாமல், சிஎஸ்எஸ்ஸின் இன்றைய பக்க அமைப்பு முறைகளான ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டையும் புதிதாக எழுதிவிடுவது விரைவில் முடியும். பழையதைப் பாதுகாக்கும் ஆசை எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டு. அதற்கு இடம் கொடுத்தால் இந்தப் படி முடியவே முடியாது.

4. அடுக்கை மாற்றுங்கள்

அச்சு நூல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இணையத்தின் வரலாறு, மென்பொருள் நிறுவுதல், எச்டிஎம்எல் குறிச்சொற்கள் முழுவதும், சிஎஸ்எஸ் முழுவதும், ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், கடைசியில் ஒரு செயல்திட்டம். கல்லூரிப் பாடத்திட்டத்தைப் பின்பற்றி வந்த ஒழுங்கு இது. வகுப்பில் ஆசிரியர் உடனிருக்கும்போது இதில் குறையில்லை. மின்னூலைத் தனியாகப் படிப்பவருக்கோ, நூறு பக்கம் படித்தும் கண்ணுக்கு அழகான ஒரு பக்கத்தைக்கூட உருவாக்க முடியவில்லை என்றால் பொறுமை தீர்ந்துவிடும்.

நான் பின்பற்றச் சொல்லும் விதி ஒன்றுதான்: ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் வாசகர் உலாவியில் திறந்து பார்க்கக்கூடிய முழுமையான ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அந்த அத்தியாயத்துக்குத் தேவையானவை எல்லாம் அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். விரிதாளின் இரண்டாவது கட்டத்தை வைத்துக்கொண்டு இந்த விதியைப் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலான நூல்களில் சில மாற்றங்கள் தாமாகவே வெளிப்படும்.

மென்பொருள் நிறுவும் அத்தியாயம் தொடக்கத்திலிருந்து நகரும். எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் ஓர் உரைத்தொகுப்பியும் உலாவியும் போதும். எக்ஸ்ஏஎம்பிபி என்ற சர்வர் தொகுப்பை நிறுவுவதை பிஎச்பி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் வையுங்கள். முதல் நாளே சர்வர் நிறுவப்போய், போர்ட் மோதலில் சிக்கி, நூலை மூடிவைத்த மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் தனித்தனிப் பாகங்களாக நிற்காமல் பின்னிக்கொள்ளும்: தலைப்பும் பத்தியும் கற்றவுடன் எழுத்துருவும் வண்ணமும், பட்டியல் கற்றவுடன் அதை மெனு பட்டையாக மாற்றுவது என்று. குறிச்சொற்களின் முழுப் பட்டியல் பின்னிணைப்புக்குப் போகும்.

படிவம் பற்றிய அத்தியாயத்தில் மட்டும் நீங்கள் தடுமாறுவீர்கள். படிவத்தைப் புரிந்துகொள்ள, அது அனுப்பும் தரவு எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். அதைக் காட்ட பிஎச்பி வேண்டும். பிஎச்பிக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் படிவம் வேண்டும். இப்படி ஒன்றையொன்று கேட்கும் இரண்டு பகுதிகள் வந்தால், முதல் பகுதியை இரண்டாகப் பிளப்பதே தீர்வு. உள்ளீட்டுக் கட்டங்களும் அவற்றின் பெயர்ச்சீட்டுகளும் எச்டிஎம்எல் அத்தியாயத்தில் இருக்கட்டும். அனுப்பும் முறைகள், தரவைப் பெறுதல் ஆகியவை பிஎச்பியின் முதல் அத்தியாயத்துக்குப் போகட்டும். இடையில் ஜாவாஸ்கிரிப்ட் அத்தியாயத்தில் சரிபார்ப்பு வரட்டும்.

பாதுகாப்பைக் கடைசி அத்தியாயமாக வைக்கும் வழக்கத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். தரவுத்தளத்துக்கு முதல் வினவலை எழுதக் கற்றுக்கொடுக்கும் அதே பக்கத்தில், பயனர் உள்ளீட்டைச் சரத்தோடு சரமாக ஒட்டாமல் முன்தயாரித்த கூற்றாக (வினவலையும் உள்ளீட்டையும் தனித்தனியே தருவது) எழுதும் முறையையே காட்டிவிட வேண்டும். வாசகர் முதலில் நகலெடுக்கும் நிரலைத்தான் வாழ்நாள் முழுதும் நகலெடுப்பார். மின்னூலில் கடைசி அத்தியாயம் வரை வருபவர்கள் சிலர்தான்.

அடுக்கை மாற்றும்போது மிக எளிதில் கண்ணில் படாமல் போவது, தொடர் எடுத்துக்காட்டின் நிலை. மாணவர் மதிப்பெண் பட்டியல் போன்ற ஒரு செயலி அத்தியாயத்துக்கு அத்தியாயம் வளர்ந்துவந்தால், ஒன்பதாம் அத்தியாய நிரல் ஆறாம் அத்தியாயத்தில் உருவாக்கிய சிஎஸ்எஸ் கோப்பை நம்பியிருக்கும். ஒன்பதை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தால் அந்தக் கோப்பு அங்கே இருக்காது. எனவே புதிய வரிசை முடிவானதும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கோப்புறை உருவாக்கி, அந்த அத்தியாயம் முடியும்போது செயலி எந்த நிலையில் இருக்குமோ அதை முழுமையாக வைத்து, முதலிலிருந்து வரிசையாக இயக்கிப் பாருங்கள். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி தெரிந்தவர்கள் அத்தியாயத்துக்கு ஒரு குறிச்சீட்டு இட்டால் போதும். இந்தப் பணிக்கு ஒரு மாதம் பிடித்தால் வியப்பில்லை.

முன்பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். கிண்டிலில் வாங்கும் முன் இலவசமாகக் காட்டப்படும் மாதிரி, நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து விழுக்காடு. நம் நூல்களில் பதிப்புரை, இரண்டு மூன்று அணிந்துரைகள், வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று தொடங்கி, அதன்பின் இணையத்தின் வரலாறும் வந்தால் மாதிரி அங்கேயே முடிந்துவிடும். வாசகர் ஒரு வரி நிரலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இவற்றை நூலின் முடிவுக்கு நகர்த்தி, யாருக்கான நூல், என்ன தேவை என்று சொல்லும் ஒரு பக்கத்தை மட்டும் முன்னால் வையுங்கள். அணிந்துரை எழுதிய பெரியவர்களிடம் ஒப்புதல் கேட்கும்போதே இதைப் பணிவாகச் சொல்லிவிடுவது பின்னால் வரும் வருத்தத்தைத் தவிர்க்கும்.

5. குறுக்குக் குறிப்புகளைத் தேடித் திருத்துங்கள்

பக்க எண்ணைச் சுட்டும் குறிப்புகள், படம் 7.3 போன்ற எண்கள், சென்ற அத்தியாயத்தில் கண்டோம் என்பன போன்ற வாக்கியங்கள் எல்லாம் இப்போது தவறானவை. இவற்றைத் தேடும்போது முழுச்சொல்லைத் தேடாமல் அடிச்சொல்லைத் தேடுங்கள். அத்தியாய என்று தேடினால் அத்தியாயம், அத்தியாயத்தில், அத்தியாயங்கள் எல்லாம் அகப்படும். முந்தை, சென்ற, அடுத்த, மேற்க, ஏற்கெனவே, பின்னர், எதிர்ப்பக்க ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பக்க என்று மட்டும் தேடினால் வலைப்பக்கம், இணையப்பக்கம் என்று நூல் முழுவதும் வந்து நிற்கும். அதனால் அந்தச் சொல்லுக்கு முன்போ பின்போ இலக்கம் வரும் இடங்களை மட்டும் சுருங்குறித் தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) கொண்டு தேடுங்கள்.

திருத்தும்போது எண்ணுக்குப் பதில் புதிய எண்ணைப் போடாதீர்கள். தலைப்பின் பெயரைச் சொல்லி அதற்கு இணைப்புக் கொடுங்கள். அடுத்த பதிப்பில் வரிசை மீண்டும் மாறினாலும் இணைப்பு பிழைத்திருக்கும். இதே காரணத்துக்காக, அத்தியாயக் கோப்புகளுக்கு எண்ணால் பெயரிடாமல் பொருளால் பெயரிடுங்கள். இபப்பில் எந்தக் கோப்பு எதற்குப் பின் வரும் என்பதைத் தொகுப்புக் கோப்பில் உள்ள வரிசைப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது, கோப்பின் பெயருக்கு அதில் பங்கில்லை.

ஒரு கலைச்சொல்லுக்கான விளக்கம் அது முதலில் வரும் இடத்தில்தான் இருக்க வேண்டும். வரிசை மாறியதும் பல விளக்கங்கள் பின்தங்கிவிட்டிருக்கும். விரிதாளை வைத்து அவற்றை முன்னே கொண்டுவாருங்கள்.

6. நிரலைக் கைப்பேசித் திரைக்கு ஏற்றதாக்குங்கள்

அச்சில் எண்பது எழுத்து அகலத்தில் இருந்த வரி, கைப்பேசியில் இரண்டு மூன்றாக மடியும். ஒவ்வொரு வரியையும் ஐம்பது எழுத்துகளுக்குள் நீங்களே உடைத்து எழுதுங்கள். எங்கே உடையும் என்பதை வாசிப்புக் கருவியின் விருப்பத்துக்கு விடாதீர்கள். உள்தள்ளலுக்கு இரண்டு இடைவெளி போதும். நிரலுக்குள் தமிழில் குறிப்புரை எழுதும் பழக்கம் நல்லதே, ஆனால் நிரலுக்குரிய சம அகல எழுத்துருக்களில் பொதுவாகத் தமிழ் வடிவங்கள் இருப்பதில்லை. கருவி வேறோர் எழுத்துருவைத் துணைக்கு எடுக்கும்போது வரிசையாக நிறுத்திய குறிப்புரைகள் கோணலாகிவிடும். குறிப்புரையை வரியின் வலப்பக்கம் வைக்காமல் தனி வரியில் மேலே வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. நிரலைப் படமாக ஒட்டுவது தேடலையும் நகலெடுப்பதையும் திரைவாசிப்பானையும் ஒரேயடியாக அடைத்துவிடும். வண்ணத்தை மட்டும் நம்பி எதையும் வேறுபடுத்தாதீர்கள், பல மின்தாள் கருவிகளில் கறுப்பு வெள்ளைதான்.

எச்டிஎம்எல் கற்றுத்தரும் நூலுக்கென்றே இன்னொரு பொறியும் உண்டு. இபப்பின் உள்ளே இருப்பதும் எக்ஸ்எச்டிஎம்எல்தான் என்பதால், எடுத்துக்காட்டில் வரும் < குறியை (குறிச்சொல்லைத் திறக்கும் கோண அடைப்பை) அதற்குரிய மாற்றுக்குறியீட்டால் எழுதாவிட்டால், கருவி அதை உண்மையான குறிச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். தடித்த எழுத்துக்கான குறிச்சொல்லைக் காட்ட நினைத்த இடத்தில் குறிச்சொல் மறைந்து, சொல் மட்டும் தடித்து நிற்கும். இலக்கணப்படி அது சரியான கோப்பு என்பதால் சோதனைக் கருவிகளும் பிழை காட்டா. மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் நிரல் தொகுதியாக எழுதி, பேண்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாக மாற்றினால் இந்த மாற்றம் தானாக நடக்கும். சிஜில் என்ற இபப் தொகுப்பியின் நிரல் பார்வையில் நேரடியாக ஒட்டுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலான கருவிகளில் நூலுக்குள்ளேயே ஓடாது. எல்லா நிரல்களையும் கிட்ஹப் போன்ற இடத்தில் ஏற்றி, அத்தியாயத்தின் தொடக்கத்தில் இணைப்புக் கொடுங்கள்.

7. கோப்பை உருவாக்கிச் சோதியுங்கள்

பேண்டாக், சிஜில், கேலிபர், இபப்செக், கிண்டில் பிரிவியூவர் அனைத்தும் இலவசம். பேண்டாக் முதல்நிலைத் தலைப்பு ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகப் பிரித்துப் பொருளடக்கமும் உருவாக்கிவிடும். நூலின் மொழி தமிழ் என்று விவரத்தரவில் குறிப்பிட மறக்காதீர்கள். இருபுறமும் சீராக்கும் அமைப்பை நீக்கி இடப்பக்கம் மட்டும் சீராக்குங்கள். நீண்ட தமிழ்ச் சொற்கள் சிறிய திரையில் பெரிய வெள்ளை இடைவெளிகளை உண்டாக்கும். எழுத்துருவை உட்பொதிப்பதானால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். வடிவமைப்புக் கடையில் வாங்கிய எழுத்துருவுக்கு மின்னூல் உரிமம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோப்பைச் சோதிக்கும் இபப்செக்கில் பிழை ஒன்றுமில்லை என்று வரும்வரை வெளியிடாதீர்கள். கோப்பைப் பிரித்துத் திருத்திவிட்டு மறுபடி சாதாரணமாகச் சுருக்கினால், தொகுப்பில் முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டிய மைம்டைப் கோப்பு இடம் மாறிப் பிழை வரும். சிஜிலில் திருத்துவது இதைத் தவிர்க்கும். பிறகு விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில், பெரிய எழுத்தளவில், முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

8. ஐஎஸ்பிஎன், பதிவேற்றம், பணம்

இந்தியாவில் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுத் தர நூல் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாக வழங்குகிறது, இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலின் எண்ணை மின்னூலுக்குப் பயன்படுத்தக் கூடாது, வடிவம் மாறினால் எண்ணும் மாற வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அட்டை அல்லது தலைப்புப் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, நான்காம் படியில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எண் பெற்றுத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள் தேவையில்லை. அமேசானில் மட்டும் வெளியிடுவதானால் ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை.

அமேசானின் மின்னூல் வெளியீட்டுச் சேவையான கேடிபியில் பதிவு செய்ய நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) வங்கிக் கணக்கும் வேண்டும். அங்குள்ள வரி நேர்முகத்தில் நிரந்தரக் கணக்கு எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோரினால், அமெரிக்க விற்பனைக்கான வரிப்பிடித்தம் 30 விழுக்காட்டிலிருந்து 15ஆகக் குறையும். இந்திய வாசகர்கள் வாங்கும் பிரதிகளுக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் தொண்ணூறு நாட்களுக்கு மின்வடிவத்தை வேறு எங்கும், இலவசமாகக்கூட, தரக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவும் வெளியிட நினைப்பவர்கள் இந்தத் திட்டத்தை விட்டுவிட்டு 35 விழுக்காட்டை ஏற்பதே முறை. 70 விழுக்காட்டுத் தெரிவில் மெகாபைட்டுக்கு ஏழு ரூபாய் என்று கோப்பின் அளவுக்கேற்பக் கழித்துக்கொள்கிறார்கள். திரைப்பிடிப்புகள் நிறைந்த நூலுக்கு இது சிறிய தொகை அல்ல, ஆகவே படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். அட்டைப்படம் 2560 படவணு உயரமும் 1600 அகலமும் இருப்பது நல்லது.

ஏற்றிய பிறகு பரிசீலனைக்கு மூன்று நாட்கள்வரை ஆகலாம். விற்பனைத் தொகை, விற்ற மாதம் முடிந்து ஏறத்தாழ அறுபது நாட்கள் கழித்தே வங்கிக்கு வரும். எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு போன்ற திருத்தங்களை அதே பதிவிலேயே மீண்டும் ஏற்றலாம். அத்தியாயங்களைக் கூட்டினாலோ மாற்றி எழுதினாலோ அதைப் புதிய பதிப்பாகக் கொண்டு வேறு ஐஎஸ்பிஎன் வாங்குங்கள்.